ஹப்பின் நெற்றியில் வைத்த பொட்டு

தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவன் நான். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். தொண்ணூறுகளின் கடைசியில் கடைக்குக் கம்ப்யூட்டர் பில் வந்தபோது, ஒயர் தெரிந்தவன் என்று அந்த அறையையும் என் பொறுப்பில் விட்டார்கள். தினமும் மயிலாப்பூரில் கபாலியைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறி வந்து அறையைத் திறப்பேன். அவன் கொடுத்த வேலை என்றே நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பில் விவரமெல்லாம் அடையாறு தலைமை அலுவலகத்துப் பெரிய கம்ப்யூட்டரில் இருந்தது. அதற்குப் போய்வர எங்களிடம் இரண்டு ரூட்டர்கள், ஆளுக்கொரு லைன். ஒன்று வேலை செய்யும், மற்றது பார்த்துக்கொண்டிருக்கும். முதலாவது படுத்துவிட்டால் இரண்டாவது எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் மாடிக் கம்ப்யூட்டர்களும் முதல் ரூட்டரும் ஒரு ஹப்பில், அதாவது கேபிள்களைச் சேர்க்கும் பெட்டியில்; இரண்டாம் மாடியும் இரண்டாவது ரூட்டரும் இன்னொரு ஹப்பில். இரண்டு ஹப்பையும் சேர்ப்பது ஒரே ஒரு கேபிள்.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூவும் சாத்தினேன். விஜயதசமி காலையில் போட்டால் முதல் மாடியில் பில் வருகிறது, இரண்டாம் மாடிப் பட்டுப் பிரிவில் வரவில்லை. தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்துவிட்ட நேரம்.

மெஷின் விற்ற கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். பார்த்தால் இரண்டு ரூட்டரும் 'நான்தான் பெரியவன்' என்கின்றன. அடையாறிலிருந்து திரும்பும் பதிலெல்லாம் முதலாவதற்கே போக, இரண்டாம் மாடிக்கு எதுவும் எட்டவில்லை. இரண்டாவதைக் கழற்றிப் புதிதாக ஒன்றை வைத்தார். அதுவும் அதையே சொன்னது.

"இன்னா சாமி, யாரைக் கேட்டு ஆஃப் பண்ணே? பட்டை போட்டுக்கினு பொட்டு வெச்சா மெஷின் ஓடிடுமா?" என்றார்.

மேனேஜர் அவரைவிடக் கறாராகப் பேசினார். "சாயந்தரத்துக்குள்ள பட்டு செக்‌ஷன்ல பில் வரணும். இல்லன்னா நாளையிலேர்ந்து நீ ஃபேன், டியூப்லைட்டோட நிறுத்திக்க. இந்த ரூமைச் சாரோட கம்பெனியே பார்த்துக்கட்டும்."

எனக்குப் பதற்றமில்லை. லைன் போனால் எங்கே போனது என்று தேடிப் பழகியவன். "சார், முதலாவது படுத்துட்டுதுன்னு ரெண்டாவதுக்கு எப்படித் தெரியும்?" என்று இன்ஜினியரைக் கேட்டேன்.

"சில செகண்டுக்கு ஒருவாட்டி 'நான் கீறேன்'னு அது குரல் குடுக்கும். குரல் வரலன்னா இது எழுந்துக்கும்."

"அப்ப புதுசுக்கும் குரல் கேக்கல சார். பெட்டியில கோளாறு இல்ல. நடுவுல பாதை அடைஞ்சிருக்கு."

"நீயே பார்த்துக்க நைனா" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

நடுவில் இருப்பது அந்த ஒற்றைக் கேபிள். மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. பூவை எடுத்துவிட்டு ஹப்பின் முகத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். கேபிள் செருகும் கடைசித் துளையருகே ஒரு சின்னப் பொத்தான் உண்டு. வெளியே நின்றால் அந்தத் துளை இன்னொரு ஹப்போடு பேசும். உள்ளே அமுங்கினால் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும். அதன்மேல்தான் என் சந்தனம் காய்ந்து கிடந்தது. பொத்தான் உள்ளே இருந்தது. பக்கத்து விளக்கு எரியாததையும் சந்தனமே மறைத்திருந்தது.

என் விரல்தான். நெற்றி மாதிரி இருக்கிறதே என்று அங்கே பார்த்து, ஆசையாக அழுத்தி வைத்திருக்கிறேன். அறையில் நான் மட்டும். நகத்தால் தட்டிவிட்டு, கேபிள் லூஸ் என்று சொல்லியிருக்கலாம். சந்தனம் வைத்த கையால் பொய் சொல்ல வரவில்லை. தொடாமல் விட்டுவிட்டு இரண்டு பேரையும் கூட்டிவந்து காட்டினேன். "நான் பண்ண தப்பு சார்."

இன்ஜினியர் பேனா முனையால் சந்தனத்தைச் சுரண்டி, பொத்தானைத் தட்டினார். அது வெளியே வந்தது, விளக்கு எரிந்தது. இரண்டாவது ரூட்டர் அடங்கிப் பழையபடி பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கியது. மேலே போன் போட்டால் பில் வருகிறது என்றார்கள்.

"ரெண்டு பெட்டிய மாத்தினாலும் பில் வந்திருக்காது சாமி" என்று இன்ஜினியர் சிரித்தார். "அடுத்த வருஷம் மேல் மூடில வைங்க. அங்க ஒண்ணும் கெடையாது."

மேனேஜர் கிளம்பப் பார்த்தார். நான் விடவில்லை. "சார், வேலை இன்னும் முடியல. முதலாவதை இப்ப அணைச்சு, ரெண்டாவது எடுத்துக்குதான்னு பார்க்கணும்."

"கூட்ட நேரத்துலயா? பில் நின்னா?"

"நிக்காது சார். நின்னா நாளைக்கு நான் ஃபேனையே பார்த்துக்கறேன்."

மேனேஜர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் கூரையைப் பார்த்தார். "சரி, பண்ணு" என்றார் மேனேஜர்.

சிவசிவா என்று முதல் ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். சற்று நேரத்தில் இரண்டாவதன் விளக்குகள் துடித்தன. மேனேஜரே போனை எடுத்தார். "பில் வருதா? கொஞ்சம் நின்னு வந்துதா? சரி, போடு."

போனை வைத்துவிட்டு வாசலில் நின்றார். "நாளைக்கு வழக்கம்போல நீயே வந்து ரூமைத் தொற."