முன்சுவர்

தென் ஸ்பெயினின் மலையூர் ஒன்றில் பஸ்ஸை விட்டு இறங்குகிறோம். லண்டனில் வேலை கிடைத்த பிறகு அம்மாவை நான் கூட்டிவந்திருக்கும் முதல் பயணம் இது. உச்சிவரை வீடுகள் எல்லாம் பளீரென்ற வெள்ளை.

"என்ன தம்பி, ஊர் முழுக்கக் கலியாணமோ?" என்கிறார் அம்மா. யாழ்ப்பாணத்தில் கலியாணம் வந்தால்தான் நாங்கள் வீட்டுக்கு வெள்ளையடிப்போம்.

சந்தில் ஒரு பெண் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருக்கிறாள்.

"அவவைக் கேள். இவ்வளவு படிச்சனி, இதைக் கேக்க ஏலாதோ?"

சொற்புத்தகத்தைப் புரட்டி, கலியாணமா என்று ஸ்பானிய மொழியில் கேட்கிறேன். அவள் நல்ல ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள்: "எனக்கா? ஒன்று போதும்! இது வெயிலுக்கு."

அம்மா சிரிக்கவில்லை. ஈரச் சுண்ணாம்பு மணக்கிறது. அக்காவின் கலியாணத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஊரில் ஷெல் குண்டுகள் விழத் தொடங்கின. முன்சுவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். கலியாணம் பிறகு லண்டனின் எட்மண்டனில், வாடகை மண்டபத்தில் நடந்தது.

அம்மா கையை நீட்டுகிறார். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் பிரஷைக் கொடுக்கிறாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவிலிருந்து மூலைவரை அம்மா பூசி முடிக்கிறார்.

"இப்ப சரி," என்கிறார். "அக்காவுக்கு ஒருக்காப் போன் எடு. முன்சுவர் முடிஞ்சுதெண்டு சொல்லு."