பவுலின் நெய்த இரண்டு முழம்

நோரா டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு காலத்தில் பெங்களூரில் யார் யாரிடம் என்ன பேசினாலும் அது அவள் காதில் விழுந்து வயிற்றிலேயே தங்கிவிடும். அவ்வளவு ரகசியம் காத்தவளுக்குப் பொய் சொல்ல மட்டும் வராது. அதனால்தான் இந்த ஆறு மாதமாக அவள் சொன்ன பொய்களைக் கேட்டு அவளுடைய தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எல்லாப் பொய்களும் ஒரு தறியைப் பற்றியவை. மேசை மேல் வைத்து நெய்கிற சின்னத் தறி. ஆட்டோவின் பின்சீட்டில் கோபித்துக்கொண்டு வந்த மாமியாரைப் போல விறைப்பாக உட்கார்ந்து வீடு வீடாகப் போகும். ரமா, தனலக்ஷ்மி, பவுலின், நோரா ஆகிய நால்வருக்கும் அது பொது. சனிக்கிழமை ஆனால் காக்ஸ் டவுனில் யாராவது ஒருத்தி வீட்டில் கூடுவார்கள். தைத்ததையும் பின்னியதையும் விரித்துக் காட்டுவார்கள். பாராட்டு ஒரு வரி, குறை ஒரு மணி நேரம். ரமா பழைய புடவைகளை அடுக்கிக் கௌதி தைப்பாள். அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டவர் காலையில் எழுந்திருக்க இரண்டு ஆள் வந்து தூக்க வேண்டும், அவ்வளவு கனம். தனலக்ஷ்மி ஸ்வெட்டர் பின்னுவாள். அவள் பின்னியதைப் போட்ட தங்கை மகன் கழற்ற வழி தெரியாமல் அதோடேயே கல்யாண மேடை ஏறினான் என்று ரமா சத்தியம் செய்வாள்.

தறிக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரே பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலில், ஆளுக்கு இரண்டு முழம். நெய்ததைக் காகிதம் வைத்துச் சுருட்டி அடுத்தவளுக்கு அனுப்ப வேண்டும். வருகிறவளுக்கு முந்தினவளின் வேலையில் கடைசி இரண்டு விரற்கடைதான் தெரியும். சுருளைப் பிரித்துப் பார்ப்பது மகா பாவம். நால்வரும் முடித்த பிறகு தறியிலிருந்து அறுத்து விரிப்பார்கள். அன்று தனலக்ஷ்மி பிரியாணி செய்வாள். சாப்பிட்டு முடித்ததும் துணியை வெட்டிப் பங்கு போடுவார்கள். ஒருத்தி நெய்தது அவளுக்கு அடுத்து நெய்தவளுக்குச் சொந்தம்.

இந்த முறை பவுலினுக்கு அடுத்தவள் நோரா. பவுலின் தன் இரண்டு முழத்தை முடித்துத் தறியை அனுப்பினாள். கிறிஸ்துமஸ் கேக்கின் மிச்சம் டப்பாவில் இருக்கும்போதே நெஞ்சு வலி என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

இருவரும் தங்கவயலில் அடுத்தடுத்த லைன் வீட்டில் பிறந்தவர்கள். நடுவில் ஒற்றைச் சுவர். படுத்துக்கொண்டே சுவரைத் தட்டினால் அந்தப் பக்கம் பதில் வரும். சுரங்கத்தில் சங்கு ஊதினால் இரண்டு அப்பாக்களும் ஒரே கூண்டில் பூமிக்குள் இறங்குவார்கள். சைக்கிள் ஸ்போக்கைத் தேய்த்து ஊசியாக்கிப் பவுலினின் அப்பா கொடுக்க, அதில்தான் இருவரும் பின்னப் பழகினார்கள். பெங்களூர் வந்த பிறகும் நோராவின் வீட்டுக்குப் பின்தெருவில்தான் பவுலின் வீடு பார்த்தாள்.

பவுலினின் கணவர் ஆம்ப்ரோஸ், சுரங்கத்தில் கூண்டை ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டியவர். மெல்போர்னில் இருக்கும் மகள் நிக்கோல் அவரைத் தன்னோடு அழைத்துக்கொள்ளப் போகிறாள். சேதி சொல்ல வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"மாசக் கடைசியில டிக்கெட் போட்டுட்டா நோரா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவ கடசியா கையால செஞ்சது அந்தத் துணிதான். அத மட்டும் குடுத்துடு."

"இன்னும் முடியலண்ணே," என்றாள் நோரா.

அது மட்டும் உண்மை. மற்றபடி, ஆறு மாதமாகக் கேட்டவர்களிடமெல்லாம் எலி பாவைக் கடித்துவிட்டது என்றாள். கட்டை விரலில் சுளுக்கு என்றாள். ஒரு சனிக்கிழமை, வீட்டில் கரண்ட் இல்லை, அதனால் நெய்யவில்லை என்றாள்.

"கைத்தறிக்கு எதுக்குடி கரண்ட்?" என்றாள் ரமா. "கிளம்பு தனம். இவ ஆத்துல என்னதான் நடக்கறதுன்னு பாத்துட்டு வருவோம்."

தறி ஜன்னலோரம் இருந்தது. ஆறு மாத உழைப்பு, ஒரு சாண் துணி. ரமா குனிந்து விரலால் தடவினாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி தடவினாள்.

"நோரா, இது மிஷின் நூலோன்னோ?"

பாவின் குறுக்கே ஓட்டும் ஊடைக்கு எல்லோரும் பருமனான கம்பளியோ கிழித்த துணியோ போடுவார்கள். நோரா போட்டிருந்தது தையல் மிஷின் நூல். கொசு அதில் உட்கார்ந்தால் அறுந்துவிடும். காலையிலிருந்து மாலை வரை நாடாவைத் தள்ளினாலும் துணி நகக்கண் அளவு வளராது.

"முடிச்சா அறுக்கணும்," என்றாள் நோரா. "அறுத்தா அண்ணன் வந்து கேப்பாரு. சட்டப்படி அது என்னுது. சாவுக்கு வந்தவங்க எல்லாரும் அவருக்குத்தான் ஆறுதல் சொன்னாங்க. அவருக்கு முன்னாடியே நான் அவளப் பாத்தவ."

தனலக்ஷ்மி தறியைப் பார்த்தாள், நோராவைப் பார்த்தாள். "அவரு ஃப்ளைட்டு ஏறிப் போயிட்டாருன்னா, அந்தத் துணிய வெச்சிக்கினு உன்னால தூங்க முடியுமாக்கா?"

நோரா நாற்காலியை இழுத்துத் தறிமுன் உட்கார்ந்தாள். ரமா தன் பையிலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள கம்பளி நூலின் உருண்டை ஒன்றை எடுத்துத் தறிமேல் வைத்தாள். மீதி இரண்டே நாளில் முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை நோராவின் வீட்டில் பிரியாணி வாசனை தெருமுனை வரை போனது. ஆம்ப்ரோஸ் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். ரமா பாவை அறுத்தாள். நோரா முதலிலிருந்து விரித்தாள். ரமாவின் நீலம் வந்தது, தனலக்ஷ்மியின் பச்சை வந்தது, பிறகு பவுலின்.

மஞ்சள் ஒரு வரி, மெரூன் ஒரு வரி. மாற்றி மாற்றி, இரண்டு முழம் முழுவதும். துணியைக் கிழித்துப் பட்டைகளாக்கி நெய்திருந்தாள்.

ஆம்ப்ரோஸ் மெரூனைக் கிள்ளிப் பார்த்தார். "இது என் டை. இஸ்திரிக்காரன் தொலைச்சிட்டான்னு சொன்னாளே. நாலு வருஷமா அந்த ஆளு மொகத்துல நான் முழிக்கல."

"அந்த மஞ்சள் என் ஃப்ராக்," என்றாள் நோரா.

"இது பவுலினுது. தங்கவயல் கிளப்புல கிறிஸ்துமஸ் டான்ஸ் அன்னிக்கு இதத்தான் போட்டிருந்தா. இந்த டை கட்டிக்கினு போய்த்தான் நான் அவள ஆடக் கூப்புட்டேன். அந்தக் கூட்டத்துல என் கண்ணுல மொதல்ல பட்டதே இந்த மஞ்சள்தான்."

"அப்போ நீங்க மயங்கினது என் ஃப்ராக்கப் பாத்து. ஒரு சாயங்காலத்துக்குன்னு கேட்டு வாங்கிட்டுப் போனா. அதுக்கப்பறம் கேக்கறப்பல்லாம் துவைக்கப் போட்டிருக்கேன்னா."

தனலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஆம்ப்ரோஸும் சிரித்தார்; சிரித்துக்கொண்டே இருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நோரா சிரிக்கவில்லை. அடுத்து நெய்யப் போகிறவள் நோரா என்று பவுலினுக்குத் தெரியும். அந்த இரண்டு முழம் யாரிடம் போகும் என்றும் தெரியும். ஃப்ராக் ஒருவழியாகத் திரும்பி வந்திருந்தது, கூடவே அந்த டான்ஸ் சாயங்காலமும்.

ரமா கத்தரிக்கோலை நீட்டினாள். "உன் பங்குடி. எங்கே வெட்டணும், சொல்லு."

நோரா அதை வாங்கி மேசையில் வைத்தாள். துணியை வெட்டாமல், முழுசாக, கசங்காமல் சுருட்டினாள். சுருளை ஆம்ப்ரோஸின் கையில் கொடுத்தாள்.

"எங்க பங்கு?" என்றாள் ரமா.

"பிரியாணி இருக்கில்ல, தின்னு."

ஆம்ப்ரோஸ் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "உனக்குன்னு ஒண்ணுமே மிஞ்சலியே நோரா."

"நீங்க எடுத்துக்கினு போங்கண்ணே. எனக்கும் வயசாச்சு, அவள நேர்லயே பாத்துக்கறேன். பாத்ததும் மொதல்ல ஃப்ராக்கத்தான் கேப்பேன். துவைக்கப் போட்டிருக்கேன்னுதான் சொல்லுவா."