நான்கு மாடியும் ஒரு மலையும்

மாடம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் பழுதாகிக் கிடந்த மாதத்தில்தான் அவரைப் பார்த்தேன். ஆப்பில் சொல்லும் சாப்பாட்டைக் கொண்டுவருபவர். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு. நான்கு மாடி ஏறி வந்ததும் கதவைத் தட்டமாட்டார். மூச்சு சீரான பிறகே தட்டுவார்.

ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள், பள்ளி விட்டதும் ஹால் டிவியில் வீடியோ கேம் ஆட உட்காருவாள். கட்டைவிரல்கள் மட்டும் அசையும். ஆட்டம் முடிந்ததும் அகோரப் பசி.

ஒருநாள் என்னிடம் சிக்கன் ரோலை நீட்டியபடி அவளைக் கேட்டார்: "இன்னா பாப்பா, டெய்லி இவ்ளோ பசி?"

"ஒரு மலையே ஏறி இறங்கினேன்ணா. செம டயர்ட்!"

அவர் டிவியில் தெரிந்த மலையை அண்ணாந்து பார்த்தார். "ரொம்ப ஒசரமாத்தான் கீது. நான் நாலு மாடிதான் ஏறினேன். காலைலேர்ந்து டீயிலேயே ஓடுது."

மகளின் முகம் சுருங்கிவிட்டது. பாதி ரோலை நீட்டினாள்.

"வாணாம்மா. மலை ஏறினவ நீ, சாப்டு" என்று இறங்கிப் போனார்.

மறுநாள் அவள் இரண்டு ரோல் சொல்லி, தானே கீழே போய் வாங்கிவந்தாள். ஒன்றை அவருக்குக் கொடுத்திருப்பாள் என்று நெகிழ்ந்தேன். மேலே வந்து இரண்டையும் தின்றாள்.

"நாலு மாடி ஏறியிருக்கேன்ல, அப்பா?"

"மலை ஏறினவ நீ" என்று அன்று அவர் சிரிக்காமல்தான் சொன்னார். கிண்டலா, கரிசனமா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.