சத்திரத்துக் கூரையை இடித்தவன் நான்

செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்கும் அறைகள் பதினாறு. கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை மூட்டை அடுக்கும் மல்லாட்டைக் கிடங்கு. இரண்டு பள்ளிக்கூடம், ஒரு மசூதியின் சுற்றுச்சுவர், பாறையை உடைத்து இறக்கிய கிணறுகள். எல்லாம் நான் கட்டியவை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கற்றுக்கொடுக்க ஆளில்லை, தடுக்கத்தான் ஊரே இருந்தது. நான் கட்டியதில் ஒன்றுகூட இன்றுவரை விரிசல் விட்டதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் என் கையாலேயே இடித்தேன்.

அது அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையோரம் எண்ணெய் மில் முதலாளி எழுபதுகளின் கடைசியில் என்னை வைத்துக் கட்டிய சத்திரம். ஓட்டுக் கூரை. உத்திரமெல்லாம் மருந்தேற்றிய மரம். கரையான் கிட்டவே வராது என்று சொல்லி முதலாளியின் இன்ஜினியர் வரவழைத்தது. ஆனால் சுவருக்கு ஒரு சாண் நீளம் அதிகமாக இருந்தது. நுனியை அறுத்து உட்கார வையுங்கள் என்று தச்சர்களிடம் சொன்னவன் நான்தான். மருந்து மேலோடுதான் நிற்கும், அறுத்த முகத்தில் மறுபடியும் பூச வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பக்கத்தில் நின்ற இன்ஜினியரும் சொல்லவில்லை.

நாலைந்து வருஷம் போயிற்று. கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் காலையில் அந்த வழியாகப் போனேன். சத்திரம் நிறைய சனம். சுவரோரம் கரையான் கட்டிய மண்கோடு ஒன்று உத்திரம் வரை ஏறியிருந்தது. மேலே ஏறி நுனியில் உளியை வைத்தேன். சாணியில் இறங்குவது போல் பிடிவரை இறங்கியது. வெளியே மருந்தின் பச்சை பாய்ந்த தோல், உள்ளே முழுக்கப் புற்று.

முதலாளியிடம் ஓடினேன். அவர் சிரித்தார்.

"மருந்து ஏத்துன மரம்யா அது. தீபத்துக்கு வேலை ஒண்ணும் சிக்கலன்னு பூச்சி காட்டினு வந்துட்டியா? போயா."

திரும்பி வந்து சனத்தை வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி, "குடிச்சிட்டு வந்துக்கிறான் பாரு" என்றாள்.

கடப்பாறையோடு சுவர்மேல் ஏறினேன். ஓடுகளைப் பிடுங்கி உள்ளே வீசினேன். முதல் ஓடு அந்தக் கிழவியின் சோற்றுப் பானையை உடைத்தது. இரண்டாவது, ஓர் ஆளின் காலடியில் சிதறியது. அலறிக்கொண்டு ஓடினார்கள். அடுத்த தெருவிலிருந்த மில்லுக்குச் சத்தம் கேட்டு இரண்டு ஆட்கள் தடியோடு ஏறி வந்தார்கள். ஒருவன் தாடையில் அடித்தான். இரண்டு பல்லை ரத்தத்தோடு துப்பினேன். அவன் நெஞ்சில் உதைத்தேன், கீழே கிடந்த மணல் குவியலில் போய் விழுந்தான். மற்றவன் என் காதைப் பிடித்துத் திருகிக் கிழித்தான். அவன் முகத்தில் என் தலையாலேயே முட்டினேன். மூக்கு உடைந்து சுவரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

உள்ளே ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கடப்பாறையை உத்திரத்தில் இறக்கினேன். மூன்றே குத்து. கூரை மொத்தமும் அடுப்புகள்மேல் சரிந்தது. முறிந்த மரத்திலிருந்து கரையான் அரிசி கொட்டுவது போல் கொட்டியது. கீழே இறங்கி, ஒரு டின் கிருஷ்ணாயிலை ஊற்றிக் கொளுத்தினேன். கரையான் படபடவென்று பொரிந்தது. எனக்கு வெறி அடங்கவில்லை, காலாலும் மிதித்தேன்.

முதலாளி வந்து நின்றார். கிழவி தீப்படாத கட்டை ஒன்றைத் தூக்கி அவரிடம் நீட்டினாள்.

"இதுங்கீழ தான் எங்கள படுக்க வச்சியா சாமி?"

தாடைக்குக் கட்டுப் போட்டு வேலூர் ஆஸ்பத்திரியில் நான் கிடந்தபோது சத்திரத்தை கான்கிரீட் போட்டுக் கட்டிவிட்டார்கள். வாசலில் ஒரு கல் வைத்திருக்கிறார்கள். 'கூரையின் ஆபத்தை உரிய காலத்தில் கண்டறிந்து அகற்றியவர்' என்று அதில் இன்ஜினியர் பெயர். நான் இடித்த அன்று அந்த ஆள் ஊரிலேயே இல்லை.

அந்தக் கல்லில் என் பெயர் வர வேண்டும். நுனியை அறுக்கச் சொன்னது நான் என்றும் வெட்டட்டும், இடித்தது நான் என்றும் வெட்டட்டும். கல்லில் இடம் போதாதென்றால் இன்ஜினியர் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு அங்கே வெட்டட்டும்.