சந்தனம் பூசிய கேசட்

கேசட்டின் மேல் ஒட்டியிருந்த படத்தில் துப்பாக்கி பிடித்த ராணுவ வீரன், வாயைப் பிளந்த புலி, நெருப்புக் கக்கும் ஆகாய விமானம் என்று மூன்று இருந்தன. மூன்றில் ஒன்றுகூட எந்த விளையாட்டிலும் வரவில்லை. படத்துக்குக் கீழே தங்க நிறத்தில் 999 என்று பெரிதாகப் போட்டு, அத்தனை விளையாட்டும் இந்த ஒன்றுக்குள் அடக்கம் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. யார் செய்தது, எந்த ஊர்ச் சரக்கு என்பதற்கு எங்கேயும் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில், சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தாய்மாமா அதை ஒரு நடைபாதைக் கடையில் வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். டிவியோடு இணைக்கும் ஒரு பெட்டி, வயர் வைத்த இரண்டு ரிமோட், வாத்து சுட ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, பெட்டியின் தலையில் சொருக இந்தக் கேசட். மூத்தவள் எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஒன்பது. இரண்டு நாள் நாங்கள் சாப்பாட்டை மறந்தோம். மூன்றாவது நாள் தம்பி அழுதான். நாற்பதாவது விளையாட்டைத் தாண்டியதும் பழையபடி டாங்கி வந்துவிட்டது, அதற்கடுத்து கார், அதற்கடுத்து வாத்து சுடுவது. பேர் மட்டும்தான் வேறு வேறு. நூறுக்குப் போனாலும் அதே கதை, ஐந்நூறுக்குப் போனாலும் அதே கதை.

அப்பாவுக்குக் கேட்கவா வேண்டும். அம்மாவின் தம்பியைக் கிண்டல் செய்ய ஒரு சாக்கு கிடைக்காதா என்று காத்துக்கொண்டிருக்கிற மனிதர் அவர். அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. காலையில் வண்ணார்பேட்டை படித்துறையில் குளியல், பகலில் அலுவலகம், சாயங்காலம் தெருமுனை டீக்கடை. மூன்று இடத்திலும் இந்தக் கதை ஓடியது. மச்சினன் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று நம்பி நாற்பதை வாங்கி வந்திருக்கிறான், மெட்ராஸ்காரன் அவன் தலையில் நன்றாகக் கட்டிவிட்டான் என்று. வீட்டுக்கு வருகிற ஆட்களிடம் எல்லாம் கேசட்டை எடுத்துக் காட்டுவார். அம்மா அப்போது அடுக்களையில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் போல இருக்கும். எனக்குக் காய்ச்சல். உள்ளறையில் படுத்திருந்தேன். மத்தியானம் கண் விழித்தால், வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு, சத்தத்தை அறவே குறைத்து வைத்துக்கொண்டு, கூடத்தில் அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ரிமோட். டிவியில் டாங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் எப்படி, சந்தைக்குப் போகிறவள் மாதிரி நிதானமாக, ஒவ்வொரு சுவராகப் பார்த்துப் பார்த்து. நான் எழுந்து வந்ததைக் கண்டதும் ரிமோட்டை மறைத்தாள். அப்புறம் மறைத்து என்ன பிரயோசனம் என்று நினைத்தாளோ என்னவோ, வெளியே எடுத்தாள்.

பக்கத்தில் நாள்காட்டியில் கிழித்த தாள்கள் ஒரு கட்டு இருந்தன. தாளின் பின்பக்கம் பென்சிலால் எண்கள். எண்ணுக்கு நேரே ஒரு குறிப்பு. நாற்பத்தொன்று: டாங்கி, ஆனால் ஒன்பது உயிர். நாற்பத்திரண்டு: கார், தொடக்கமே வேகம். நாற்பத்து மூன்று: வாத்து, வானம் கறுப்பு. ஒன்றாம் எண்ணில் தொடங்கி, ஒன்றைக்கூட விடாமல், ஒரு நாளைக்கு எட்டோ பத்தோ என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தாள். நாங்கள் பேர் பிடித்திருந்தால் தாவுவோம், இரண்டு நிமிடத்தில் சலித்து வெளியே வருவோம். அம்மா வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிப்பதுபோல விளையாடினாள்.

எல்லாம் ஒன்றுதானே அம்மா, மறுபடி மறுபடி வருகிறதுதானே என்று கேட்டேன்.

"நீங்க உள்ள போனதும் வெளிய வந்துருதிய. கொஞ்சம் ஆடிப் பாத்தாத்தான தெரியும். மாவு ஒண்ணுதான், அதுக்காவ இட்டிலியும் தோசையும் ஒண்ணாயிருமா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கடைசி வரைக்கும் பாத்துருவேன். அதுக்குப் பெறவு உங்கப்பா எங்க தம்பிய என்ன சொல்லுதான்னு பாப்போம்" என்றாள்.

கோபத்தில் அப்பாவை அவன் இவன் என்று சொல்லிவிட்டதை அவளே கவனிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பிறந்த வீட்டைச் சொன்னால் அம்மாவுக்கு எவ்வளவு சுடும் என்று. தன் தம்பி ஏமாளி இல்லை என்று அவள் நிரூபிக்க வேண்டும். அதற்கு அவளிடம் இருந்த ஒரே வழி, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதையும் ஒன்று விடாமல் விளையாடித் தீர்ப்பது. யாரிடமும் சொல்லாதே என்றாள். நான் சொல்லவில்லை. காய்ச்சல் தணிந்தும் ஒரு நாள் கூடுதலாகப் படுத்துக்கிடந்தது இதைப் பார்க்கத்தான்.

அதில் ஒரு கஷ்டம் உண்டு. அந்தப் பெட்டிக்கு ஞாபகம் என்பதே கிடையாது. அணைத்தால் மறுபடி பட்டியலின் முதல் பக்கம். பக்கத்துக்கு இருபது விளையாட்டு வீதம் புரட்டிப் புரட்டித்தான் நேற்று விட்ட இடத்துக்குப் போக வேண்டும். ஆவணி பிறந்தபோது ஐந்நூறைத் தாண்டியிருந்தாள். நான் படுத்திருந்த நாள்களில் பார்த்திருக்கிறேன், புரட்டும்போது அவள் கட்டைவிரல் மட்டும் தனியாக வேலை செய்யும், கண் சுவர்க்கடிகாரத்தில் இருக்கும். எங்கள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குள் எல்லாவற்றையும் துணி போட்டு மூடிவிட வேண்டும். சில எண்களில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் பிடிபடவில்லை. அவற்றுக்கு நேரே கேள்விக்குறி போட்டு வைத்தாள். பொய்க் குறிப்பு எழுத அவளுக்கு வராது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லாருடைய சாமானும் சாமி முன்னால் வந்துவிடும். அப்பாவின் சைக்கிள், மைப்பேனா, அம்மாவின் அரிவாள்மணை, திருகை, என் புத்தகங்கள். தம்பி கிரிக்கெட் மட்டையையும் விளையாட்டுப் பெட்டியையும் கேசட்டையும் கொண்டுவந்து வைத்தான். அம்மா சுண்டல் தாளித்துக்கொண்டே, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வை என்று என்னிடம் சொன்னாள்.

நான் ஒழுங்காகத்தான் வைத்தேன். அதுதான் வினை. எங்கள் வீட்டில் எந்தச் சாமானுக்கும் பொட்டு வைப்பது அது வேலை செய்கிற இடத்தில். அரிவாள்மணைக்கு அலகில். பேனாவுக்கு மூடியைக் கழற்றி முள்ளுக்குக் கீழே. சைக்கிளுக்குக் கைப்பிடியிலும் சக்கரத்திலும். கேசட்டுக்கு எது வேலை செய்கிற இடம்? படம் வராதபோதெல்லாம் நாங்கள் எங்கே ஊதுகிறோமோ அதுதான். அடிப்பக்கத்து வாய். உள்ளே தங்கப் பல் போலச் சின்னத் தகடுகள் வரிசையாகத் தெரியும். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை விரலில் வழித்து, அந்தப் பல் வரிசை முழுக்க நன்றாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது.

பூஜை முடிந்து, விளக்குக்கு எண்ணெய் விட வந்தபோதுதான் அம்மா பார்த்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எவ்வளவு வைத்தாய் என்று கேட்டாள். நான் சொன்னேன். அம்மா கேசட்டை நோக்கிக் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்கு முன்னால் எடுப்பதில்லை. புத்தகத்தைப் புரட்டினாலே திட்டுகிறவள், தானே எப்படி எடுப்பாள்? சந்தனம் ராத்திரி முழுக்கப் பல்லிலேயே இருந்து காய்ந்தது.

மறுநாள் பால் நைவேத்தியம் ஆனதும் அம்மா முதலில் எடுத்தது அரிவாள்மணையை அல்ல, கேசட்டை. துணியால் துடைத்தாள், ஊதினாள், சொருகினாள். டிவி சாம்பல் நிறத்தில் வெறுமனே விழித்தது. நான்கு தரம் எடுத்து எடுத்துச் சொருகியும் அதே சாம்பல். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா சிரித்தார். மச்சினன் வாங்கிவந்த நாற்பதும் இப்போது போயிற்று, நல்ல பூஜை என்றார். பிள்ளைகள் விளையாட்டுச் சாமானுக்கு நீ ஏன் முகத்தைத் தொங்கப்போட்டிருக்கிறாய் என்றும் கேட்டார்.

அம்மா எழுந்துபோய் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து தாள் கட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "சிரிக்காதிய. எழுநூத்தி நாப்பது வரைக்கும் ஒண்ணொண்ணா ஆடிப் பாத்தாச்சு. எங்க தம்பி ஒண்ணும் ஏமாறல" என்றாள். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. நான் அதுவரை அம்மா அழுது பார்த்தது ஒரே ஒரு தடவைதான், அது அவளுடைய அப்பா இறந்தபோது.

அப்பா தாள்களை எடுத்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். அலுவலகத்தில் அவர் வேலையே அடுத்தவர் எழுதியதைச் சரிபார்ப்பதுதான். கேள்விக்குறி போட்ட இடங்களில் கொஞ்சம் நின்று படித்தார். அன்றைக்கு அவர் அதற்கப்புறம் கிண்டல் செய்யவில்லை. மறுநாள் சாயங்காலம் கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குற்றவாளி என்ற முறையில் என்னையும் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆற்றைத் தாண்டி ஜங்ஷன் கடைத்தெருவுக்குப் புறப்பட்டார்.

அங்கே ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு கேசட்டின் வாயைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுக்கு எதுக்கு வே சந்தனம்?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

அவர் திருகாணியைக் கழற்றி மேல்மூடியைத் திறந்தார். எனக்குப் பெரிய ஏமாற்றம். அவ்வளவு பெரிய கூட்டுக்குள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பச்சைத் தகடு, அதன் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. மற்றதெல்லாம் வெறும் காற்று. ராணுவ வீரனும் புலியும் இருக்க இடமே இல்லை. பழைய பல்துலக்கும் பிரஷைப் பெட்ரோலில் தொட்டு சந்தனத்தைத் தேய்த்து எடுத்தார். பிறகு என் பள்ளிக்கூடப் பையில் ரப்பர் இருக்கிறதா என்று கேட்டார். பை வீட்டில் இருந்ததால் பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கினோம். அந்த அழிரப்பரால் ஒவ்வொரு பல்லாக, பைய, பளபளக்கிறவரை தேய்த்தார். கடையில் இருந்த பெட்டியில் சொருகினார். பட்டியல் வந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அவர் சும்மா இருந்திருக்கலாம். பக்கங்களை மளமளவென்று புரட்டிவிட்டு, "உள்ள நாப்பது ஆட்டந்தான் இருக்கும் அண்ணாச்சி. பேரை மாத்தி மாத்திப் போட்டு ஊரை ஏமாத்துதான்" என்றார்.

அப்பா சாதாரணமாக இந்த ஒரு வரியை வைத்து ஒரு வருஷம் ஓட்டியிருப்பார். நிபுணரே சொல்லிவிட்டார், இனி என்ன வேண்டும். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேசட்டை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார், அவ்வளவுதான். திரும்பும்போது ஆற்றுப்பாலத்தில் எதிர்க்காற்று. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். கீழே தாமிரபரணியில் தண்ணீர் பாதிக்கு மேல் ஓடியது. பாலம் முடிகிற இடத்தில் என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, அந்த ஆளு சொன்னத உங்கம்மைட்ட சொல்லாண்டாம்."

சரி என்றேன். எனக்கு அப்பாவை அந்த நிமிடத்தில் ரொம்பப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளினேன்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒளிவுமறைவு தேவைப்படவில்லை. சனி ஞாயிறுகளிலும் விளையாடினாள். அப்பா செய்தித்தாளுக்கு மேலாகப் பார்ப்பார், எத்தனையில் இருக்கிறாய் என்று கேட்பார். ஒருநாள் இரண்டாவது ரிமோட்டை எடுத்துக்கொண்டு அவரும் உட்கார்ந்தார். டாங்கி விளையாட்டில் நம்முடைய கோட்டையை நாமே சுட்டுவிடவும் முடியும் என்பது அவருக்குத் தெரியாது. பத்தே விநாடியில் சுட்டார். ஆட்டம் முடிந்தது. அம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு அக்கா என்னவென்று கேட்டு வந்துவிட்டாள். மார்கழி முடிய நான்கு நாள் இருக்கும்போது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாவது வந்தது. அதுவும் டாங்கிதான். கோட்டையைச் சுற்றிச் செங்கல் சுவர் மட்டும் இல்லை. அம்மா அதை விளையாடி முடித்து, தாளில் குறித்துவிட்டு, ரிமோட் வயரைச் சுருட்டி வைத்தாள். அன்றைக்கு ரசம் பிரமாதமாக இருந்தது.

பொங்கலுக்கு மாமா, அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி கொண்டுவந்தார். கரும்பு, பச்சரிசி, மஞ்சள்குலை, அம்மாவுக்கு ஒரு சேலை. எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, அப்பா தொடங்குவதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்திருப்பார் போல. கூடத்தில் உட்கார்ந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "அத்தான், அந்தக் கேசட்டுல நாப்பதுதான் இருக்காம். மெட்ராசுல கூட வேல பாக்கவன் சொன்னான். நல்லா ஏமாந்துட்டேன்" என்றார்.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

அப்பா கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தார். ஒரு துண்டை மாமாவிடம் நீட்டினார்.

"எவன் சொன்னது? தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதும் இருக்கு மாப்ள. உங்கக்கா ஒண்ணு விடாம எண்ணிப் பாத்துட்டா."

கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது. சாப்பிட உட்கார்ந்தபோது எல்லார் இலையிலும் சர்க்கரைப் பொங்கல் விழுந்தது. அப்பா இலையில் மட்டும் அம்மா இரண்டாம் தரம் நெய் ஊற்றினாள். போதும் போதும் என்று அவர் கையைக் காட்டியும் ஊற்றினாள்.