இதையாவது மரத்துக்குப் பூசாதீங்க

அந்த வீட்டுக் குளியலறையில் எந்தப் பொருளும் தன் ஆயுள் முடியும்வரை இருந்தது கிடையாது. சோப்பு பாதி தேய்ந்ததும் காணாமல் போகும். பவுடர் டப்பா இருந்த இடத்தில் அதன் வட்டத் தடம் மட்டும் இருக்கும். தச்சரின் மனைவி தேடுவதே இல்லை. திருடனோடுதானே அவள் குடித்தனம் நடத்துகிறாள்.

கேட்டால் தச்சரிடம் பதில் தயாராக இருக்கும். ஸ்குரூவைச் சோப்பில் ஒரு இழுப்பு இழுத்து முடுக்கினால் எவ்வளவு கெட்டி மரத்திலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். டிராயர் இறுகினால் ஓரத்தில் பவுடர். சூடான டம்ளர் வைத்து மேசையில் வெள்ளை வட்டம் விழுந்தால் பற்பசை. இடுக்குத் தூசுக்குப் பல் துலக்கும் பிரஷ். அது யாருடையது என்று பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. ஒருமுறை மகளின் புதுப் பிரஷ் பட்டறைப் பசையோடு வீடு திரும்பியது. அன்று வீட்டில் நடந்ததை எழுதினால் தச்சருக்கு மரியாதை இருக்காது.

அவ்வளவையும் மரத்துக்குக் கொடுத்த மனிதர் தன் கைக்கு எதுவும் கொடுத்ததில்லை. உள்ளங்கையும் விரல் மூட்டுகளும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. பசை பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் எரியும். சட்டைப் பொத்தான் போடும்போது பல்லைக் கடிப்பார். ராத்திரி போர்வை நூல் வெடிப்பில் மாட்டி விழித்துக்கொள்வார். தூக்கம் கெட்டவனுக்கு விடிவதும் ஒன்றுதான், விடியாததும் ஒன்றுதான். எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார்.

பார்க்கப் பொறுக்காமல் மனைவி ஒரு நாள் கைக்குப் பூசும் கிரீம் வாங்கிவந்து அவர் கையில் வைத்தாள்.

"இது உங்களுக்கு. இதையாவது மரத்துக்குப் பூசாதீங்க."

தச்சர் சொன்னபடி கேட்டார், அதிசயம்தான். காலையில் பூசினார், சாப்பிட்டபின் பூசினார், படுக்கும்போதும் பூசினார். ஒரு வாரத்தில் வெடிப்புகள் மூடிக்கொண்டன. ராத்திரி முழுக்கத் தூங்கினார். இப்படி ஒரு சுகம் இருக்கிறதென்றே மறந்துபோயிருந்தார் பாவம்.

பட்டறையில் தார்ப்பாய்த் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாலீஷ் வேலை. அதைச் செய்கிறவர் மனைவியின் தம்பி. பேச்சு குறைவு, கை வேலைதான் பேசும். அந்த வாரம் ஒரு பெரிய அலமாரிக்கு அவர் பூசிய பாலீஷ் கண் கண்ணாகக் குழி விழுந்து நின்றது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி பூசினார். மறுபடி குழி. டப்பாவைக் குறை சொன்னார், ஈரக் காற்றைக் குறை சொன்னார், துணியை மாற்றினார். கடைசியில் குறை சொல்ல அவரைத் தவிர யாரும் மிஞ்சவில்லை. கொஞ்ச நாளாக அவர் வலது கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் தன் அக்காள் புருஷனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"கை போயிடுச்சு மாமா," என்றார் ஒரு மத்தியானம். "இந்த அலமாரியோட நிறுத்திக்கிறேன். துணிக்கடையில வாட்ச்மேன் கேக்குறாங்க."

 மச்சான் டீ குடிக்கப் போனதும் தச்சர் அலமாரிக் கதவைச் சன்னல் பக்கம் திருப்பிச் சாய்த்துப் பார்த்தார். குழிகள் எல்லா இடத்திலும் இல்லை. மேலிருந்து கீழே, பட்டையாக, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இறங்கியிருந்தன. இழைத்து முடித்த பலகையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவர் பாலீஷுக்கு அனுப்புவார். கண் சொல்வதைக் கை சொன்னால்தான் அவருக்கு நம்பிக்கை.

ஒரு கழிவு மரத்துண்டில் கிரீமைத் தொட்டுத் தடவி, மேலே பாலீஷ் பூசிக் காத்திருந்தார். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஒட்டாததுபோல் பாலீஷ் விலகி விலகிக் கண் திறந்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் கிரீமை விட வேண்டும், கிரீமை விட்டால் தூக்கத்தை விட வேண்டும். இன்னும் ஒரு ராத்திரி தூங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அப்படி இரண்டு ராத்திரி போனது. இரண்டிலும் கை வலிக்கவில்லை, ஆனாலும் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை மச்சான் தன் பிரஷ்களைக் கழுவித் துடைத்துச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். அடுத்து வருகிற ஆளுக்கு உதவுமே என்றார். தச்சர் கிரீம் டப்பாவையும் அந்த மரத்துண்டையும் அவர் எதிரில் வைத்து, நடந்ததைச் சொன்னார், தெரிந்தும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து. நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார்.

மச்சான் திட்டவில்லை. மரத்தூள் மூட்டைமேல் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்போ என் கை சரியாத்தான் இருக்குதா மாமா?"

"உன் கைக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் என் கைதான்."

மச்சான் முகத்தைத் தோள் துண்டில் புதைத்துக்கொண்டார். தச்சர் தார்ப்பாயின் இந்தப் பக்கம் வந்து நின்றார். வெட்கமாக இருந்தது.

அன்று மாலை மனைவியிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து அவளே கிரீமைப் பூசிவிட்டாள். ராத்திரி மட்டும் பூசுவது, காலையில் சோப்பால் கழுவிவிட்டுப் போவது என்று முடிவானது. ஆனால் மச்சானுக்குக் கழுவிய கைமேலும் நம்பிக்கை வரவில்லை. "இழைச்சு முடிச்சதை நீங்க தொட வேணாம் மாமா" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் புதுக் கதவை இழைத்து முடித்ததும் தச்சரின் கை தானாக நீண்டது. பாதியில் இழுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் ஒரு பலகையைக்கூடத் தொடாமல் அனுப்பியதில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மச்சான், கொஞ்சம் வந்து தடவிப் பாரு."

மச்சான் வந்தார். நடுங்கும் கையைப் பலகைமேல் வைத்து, கண்ணை மூடி, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் கை நடுக்கம் நின்றுவிட்டது.

"நல்லா இருக்கு மாமா."

"சரி," என்றார் தச்சர். இனி அந்தக் கையை நம்புவதைத் தவிர அவருக்குத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.