நாற்பத்தொரு பேருக்கு ஒரு கோட்டு

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் ஸ்டுடியோ இருக்கிறது. ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு சில வருடம், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கப் போனேன். அப்புறம் இங்கே வந்து சேர்ந்தவன், இன்றுவரை வேறு இடத்துக்குப் போகவில்லை. உள்ளே டார்க் ரூமில் நிற்கும் வேலை என்பதால் எனக்குப் பிடித்துப்போனது. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை.

முதலாளி போன வருடம் இறந்துவிட்டார். கட்டடத்தை இடித்துக் கட்டப் போவதாகக் கட்டடச் சொந்தக்காரர் சொல்லி அனுப்பினார். மூன்று இரும்பு பீரோ நிறைய நெகட்டிவ், பரண் முழுக்கப் பெட்டி பெட்டியாகப் படங்கள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் முதலாளியின் மகள் சனி ஞாயிறுகளில் வந்து, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடலாம் என்றாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது. நான் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன்.

எந்த மெஷினை வாங்குவது என்பதிலேயே இரண்டு வாரம் போனது. முதலில் கண்ணாடி வைத்த ஸ்கேனர். மூடியைத் தூக்கி, படத்தைக் கவிழ்த்து, மூடி, பட்டனை அழுத்திக் காத்திருக்க வேண்டும். படம் அருமையாக வந்தது. ஆனால் அரை நாளில் ஒரு பெட்டியில் பாதிகூட முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு நண்பரிடம் கேட்டு வேறு மெஷின் கொண்டுவந்தாள். கட்டாக மேலே வைத்தால் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு கீழே துப்பியது. மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்ட படங்களை இரண்டிரண்டாக இழுத்தது. ஓரம் மடங்கியவற்றை மென்றது. நெகட்டிவுக்கு இரண்டுமே சரிப்படவில்லை.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. சொல்லக் கூச்சமாக இருந்ததால் செய்து வைத்துவிட்டேன். நெகட்டிவைப் பெரிதாக்கிப் போடும் பழைய என்லார்ஜரின் தலையைக் கழற்றிவிட்டு, அந்த ஸ்டாண்டில் கேமராவைக் கீழ்நோக்கி மாட்டி, அடியில் லைட் பெட்டியை வைத்தேன். மறுநாள் பாப்பா வந்து பார்த்துவிட்டு, "இதை யாருண்ணே பண்ணது?" என்றாள். "சும்மா, கெடந்துது" என்றேன்.

அதன்பிறகு வேலை பிரிந்தது. நெகட்டிவ் எல்லாம் ஸ்டாண்டுக்கு. நல்ல நிலையில் இருந்த பிரிண்டுகள் இழுக்கும் மெஷினுக்கு. சின்னதும் கசங்கியதும் கண்ணாடிக்கு. இழுக்கும் மெஷினில் இரண்டு பக்கமும் எடுக்கும் வசதி இருந்தது. "பின்னாடி வெறும் வெள்ளைப் பேப்பர்தானே, ஒரு பக்கம் போதும். சீக்கிரம் முடியும்" என்றாள் பாப்பா. நானும் தலையாட்டினேன். ஸ்கேன் ஆன பிரிண்டுகள் கோணிப்பையில் போயின. பழைய பேப்பர்காரர் ஞாயிறு சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

அந்த ஞாயிறு காலையில்தான் சிங்கவரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும்.

"அண்ணா, எங்க நைனா படம் உங்க கடையிலதான் எடுத்தது. போன மழைக்குச் சுவரு ஊறி, படம் மொத்தமா பூத்துப் போச்சி. பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்குது. வெள்ளிக்கிழமை அவருக்குப் படைச்சிட்டுத்தான் பத்திரிகையே வெக்கணும். வேற படம் கெடையாது."

"எந்த வருசம்மா?" என்று பாப்பா கேட்டாள்.

"எனக்கு ரெண்டு வயசு அவரு போறப்ப. அம்மா இருந்தா சொல்லியிருக்கும், அதுவும் போயிடுச்சி. கோட்டு போட்டிருப்பாரு. அதான் அடையாளம்."

பாப்பா மூன்று மணிக்கு வரச் சொன்னாள். கடைவீதியில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு அந்த அம்மா இறங்கிப் போனார்.

கோட்டு என்றதும் நான் ஒரு துணியை எடுத்துக்கொண்டு லைட் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டேன்.

பாப்பா கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் போட்டிருந்தாள். ஒரே படம் நாலைந்து இருந்தால் அதுவே கண்டுபிடித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடும். கல்யாண ஆல்பங்களில் நன்றாக வேலை செய்தது. பதினோரு மணி வாக்கில் பாப்பா சிரித்தாள்.

"அண்ணே, இங்க பாருங்க. ஒரே ஆளை நாப்பத்தோரு தடவ பிரிண்ட் போட்டிருக்காரு எங்கப்பா. யாரு இவரு, கவுன்சிலரா? அந்தம்மா சொன்ன கோட்டு நைனாவா?"

எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கோட்டு, கோடு போட்ட டை.

"இருக்கும்" என்றேன்.

அவள் பட்டனை அழுத்தினாள். நாற்பது படங்கள் போய், ஒருவர் மட்டும் மிஞ்சினார்.

அது ஒருவர் இல்லை. ஊரில் யாராவது இறந்துபோனால், அவர் இருக்கும் ஏதாவது ஒரு படத்தைக் கொண்டுவருவார்கள். கூட்டத்தில் நிற்கும் படமாக இருக்கும். நான் அந்த முகத்தைப் பெரிதாக்கி, பிளேடால் கழுத்தோடு வெட்டி, கோட்டுப் படத்தின் மேல் ஒட்டி, ஓரத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுப்பேன். முதலாளி அதைத் திரும்பவும் படம் பிடித்துப் பெரிதாகப் போடுவார். ஒரு காப்பி கடையில் இருக்கும். எங்களிடம் இருந்தது ஒரே கோட்டுதான். செஞ்சியைச் சுற்றிய கிராமங்களில் எத்தனையோ சுவர்களில் அந்தக் கோட்டு தொங்குகிறது. கோட்டு வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

அதைப் பாப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் அப்பாவும் நானும் ஊரை ஏமாற்றியதுபோல் ஆகிவிடுமோ என்று பட்டது. டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தேன். சாப்பிட்டோம். அந்த அம்மா மூன்று மணிக்கு வந்துவிடுவார் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டரைக்கு, கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னேன்.

"பாப்பா, அது ஒரு ஆளு இல்ல. நாப்பத்தோரு ஆளு. கோட்டுதான் ஒண்ணு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணே, காலையிலயே சொல்றதுக்கு இன்னா உங்களுக்கு?"

"நீ வேகமா போயிட்டிருந்த."

நீக்கிய படங்கள் உடனே அழிந்துவிடாதாம், குப்பைத் தொட்டி மாதிரி ஒன்றில் கிடக்குமாம். எனக்கு அது தெரியாது. மூன்றரை மணிநேரம் வீணாகத் தவித்திருக்கிறேன். அவள் நாற்பது பேரையும் திரும்ப எடுத்து வரிசையாக நிறுத்தினாள்.

அந்த அம்மா வந்து திரையைப் பார்த்தார். முதல் படத்தில் விரலை வைத்து, "இவருதான்" என்றார். அடுத்ததைப் பார்த்ததும் விரலை எடுத்துவிட்டார். மூன்றாவது, நாலாவது. முகம் வாடிவிட்டது.

"இன்னாண்ணா இது, எல்லாருமே எங்க நைனாவா இருக்கறாங்க?"

"முகத்தை வெச்சுத் தேடுற வசதி இருக்கு, உங்க ஜாடைய வெச்சுப் பாக்கலாம்" என்று பாப்பா அவரைப் படம் பிடித்துத் தேடினாள். ஏதோ கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசிப்பவரை அது காட்டியது.

"எங்க பரம்பரையில யாரும் ஊதுனதில்லம்மா" என்றார் அந்த அம்மா. சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கோணிப்பைகளை அவிழ்த்துத் தரையில் கொட்டினேன். கோட்டுப் படங்களை மட்டும் பொறுக்கி, எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தேன். முகத்தை ஒட்டும் நாட்களில், படம் மாறிப்போகாமல் இருக்கப் பின்னால் பென்சிலில் எழுதிவைப்பது என் வழக்கம். ஊர்ப் பெயரும் வீட்டு அடையாளமும். மெஷினுக்கு அது வெள்ளைப் பேப்பர். எனக்குமே மறந்துபோயிருந்தது.

அவலூர்பேட்டை, மாவு மில் சந்து. சீயமங்கலம், கோயில் பின்னால். சிங்கவரம் மூன்று இருந்தன. மூன்றாவதைப் பார்த்து அந்த அம்மாவே எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கெணத்து வூடு. அது நாங்கதான். தெருவிலயே எங்க வூட்டுலதான் கெணறு இருக்குது."

திருப்பிப் பார்த்தார். அகலமான நெற்றி, கோட்டுக்கு மேலே கொஞ்சம் சாய்ந்த தலை. சாய்வு நான் ஒட்டியதில் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

முகம் வெட்டக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் போன சின்னப் படங்கள், கண்ணாடி மெஷினுக்கு ஒதுக்கி வைத்தவற்றில் இருந்தன; அவற்றின் பின்னால் அதே அடையாளம் எழுதியிருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. மல்லாட்டைக் குவியலுக்கு முன்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். யார் தலை வேண்டும் என்று காட்ட, ஒருவர் தலைக்கு மேல் மையால் புள்ளி வைத்திருந்தார்கள். வெற்றுடம்பு, தோளில் துண்டு. மற்ற நாலு பேரின் தோளுக்குத்தான் வந்தார்.

அந்த அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார்.

"குள்ளமா இருந்திருக்காரு" என்றார். "சுவத்துல ஒசரத்துல மாட்டியிருந்தமா, நான் பெரிய ஆளுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"படையலுக்கு எதைப் பெருசு பண்ணட்டும்மா?" என்று பாப்பா கேட்டாள்.

"கோட்டுதான். சொந்தக்காரங்க அதைத்தான் பாத்திருக்கறாங்க. இத அப்படியே குடுங்க, எனக்கு."

உறை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படத்தைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே படியில் இறங்கினார்.

"பாத்து எறங்கும்மா" என்றேன்.

"சரிண்ணா" என்றார், நிமிராமல். "கூட நிக்கற நாலு பேரு யாருன்னு ஊர்ல கேக்கணும்."